சிந்துவைச் சேரும் சன்ஸ்கார்: ஒரு வடமலை ஆறும் அதன் துணையாறுகளும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் மத்திய லோகத்தின் அமைப்பை விரித்துரைப்பது. அங்கே இமவான் மலையின் உச்சியில் பத்மம் என்னும் தடாகமும், அதன் கீழ்வாயிலிலிருந்து கங்கையும் மேல்வாயிலிலிருந்து சிந்துவும் புறப்படுவதும் கூறப்பட்டுள்ளன. இவ்விரு நதிகளும் தனித்துச் செல்வன அல்ல. ஒவ்வொன்றும் 14,000 துணையாறுகள் புடைசூழச் செல்வது என்று ஆசாரியர் கூறுகிறார். தினமும் பாராயணம் செய்வோர் பலர் விரைந்து கடந்துவிடும் இடம் இது. பெருநதியைச் சொல்லும்போதே அதனைச் சூழ்ந்த சிற்றாறுகளையும் எண்ணிச் சொன்ன அந்த நோக்கு, ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

சாத்திரம் கூறும் சிந்துவையும் இன்றைய நிலப்படத்தில் உள்ள சிந்துவையும் அளந்து ஒப்பிடுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால், இன்று சிந்து எனப் பெயர் தாங்கி ஓடும் ஆற்றுக்கு வடமலைகளின் நடுவே ஒரு துணையாறு உண்டு. அதற்கும் துணையாறுகள் உண்டு. அத்துணையாறுகளுக்குப் பனியோடைகள் உண்டு. அந்த ஆற்றின் பெயர் சன்ஸ்கார். லடாக்கின் தென்மேற்கில், ஆண்டில் பல மாதங்கள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்த ஒரு நாட்டின் உயிர்நாடி அது. அதன் வழியைத் தலையிலிருந்து கூடுதுறை வரை தொடர்ந்து பார்ப்பதும், அந்த வழியில் இன்று நேர்ந்திருக்கும் இடர் யாது என ஆராய்வதுமே இவ்வுரையின் பொருள்.

மலைகளும் மழை மறைவும்

சன்ஸ்கார் நாடு ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் தென்மேற்கே பேரிமயத் தொடர் மதில் போல நிற்கிறது. வடகிழக்கே சன்ஸ்கார் மலைத்தொடர் இன்னொரு மதிலாக அமைந்து, சிந்துவின் பள்ளத்தாக்கிலிருந்து அந்நாட்டைப் பிரிக்கிறது. இரு மதில்களுக்கும் இடையே கிடக்கும் உயர்ந்த பள்ளத்தாக்குகளே மக்கள் வாழும் இடம். நாட்டின் தலைமையூராகிய பாதும் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீலகிரியின் தொட்டபெட்டா முடி 2,637 மீட்டர். அம்முடியின் மேல் இன்னும் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் வயலும் வீடும் அமைத்து வாழ்வதாக எண்ணிப் பார்த்தால் அவ்விடத்தின் தன்மை ஓரளவு புலப்படும்.

தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மேகங்கள் பேரிமயத்தின் தென்சரிவிலேயே தம் நீரைப் பெரும்பாலும் இறக்கிவிடுகின்றன. எனவே சன்ஸ்கார் மழை மறைவு நாடு. மலைச்சரிவுகளில் மரமில்லை, பசுமையில்லை. அங்கு நீர் வருவது வேறு வழியில். குளிர்காலத்தில் மேற்குத் திசையிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் பனியைப் பொழிகின்றன. அந்தப் பனி உயர்ந்த முடிகளில் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு அழுந்தி, பனியாறுகளாக இறுகுகிறது. வேனிலில் அது உருகும்போதுதான் ஓடைகள் பிறக்கின்றன. தமிழ்நாட்டு உழவர் வானத்தைப் பார்த்து விதைப்பர். சன்ஸ்கார் உழவர் மலைமுடியைப் பார்த்து விதைப்பர். முடியில் வெண்மை எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவே அவ்வாண்டின் விளைச்சல்.

அம்மலைகளின் கற்களும் ஒரு நீண்ட வரலாற்றைச் சொல்லுகின்றன. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசிய நிலத்தோடு மோதுமுன், இரண்டிற்கும் இடையே தெத்திஸ் என நிலவியலார் பெயரிட்ட கடல் இருந்தது. அக்கடலின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்த சேறும் சுண்ணமும் மோதலின்போது மடிந்து மேலெழுந்து சன்ஸ்கார் மலைத்தொடர் ஆயின. எனவே கடலிலிருந்து இத்துணைத் தொலைவிலும் இத்துணை உயரத்திலும் கடல்வாழ் உயிர்களின் சுவடுகள் பாறைகளில் கிடைக்கின்றன. உயர்ந்தது தாழ்ந்து கிடந்ததையும், தாழ்ந்தது உயர்ந்து நிற்பதையும் அந்தப் பாறைகள் ஓசையின்றிக் காட்டுகின்றன.

முதல் துணையாறு: தோடா

சன்ஸ்கார் ஒரே ஊற்றில் பிறக்கும் ஆறு அன்று. இரண்டு ஆறுகள் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து கூடிய பின்னரே அதற்கு அப்பெயர் வழங்குகிறது. வடமேற்கிலிருந்து வருவது தோடா. அதனை ஸ்தோட் என்றும் அழைப்பர். கார்கிலிலிருந்து சூரு ஆற்றின் கரையோடு ஏறிவரும் சாலை, 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லா என்னும் கணவாயைக் கடந்து சன்ஸ்காருக்குள் இறங்குகிறது. (லா என்பது அவர்கள் மொழியில் கணவாய்.) அக்கணவாயின் மேலிருந்து நோக்கினால், வளைந்து படுத்த ஒரு பெரும் வெண்ணாகம் போல டிராங்-டுருங் பனியாறு காட்சி தருகிறது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுடைய அதன் நுனியிலிருந்தே தோடா புறப்படுகிறது.

பென்சி லா ஒரு நீர்ப்பிரிமேடு. ஒரு பக்கச் சரிவில் விழும் பனி தோடாவாகித் தென்கிழக்கே செல்கிறது. மறு பக்கத்தில் விழும் பனி சூருவாகி வடமேற்கே கார்கிலை நோக்கிச் செல்கிறது. புறமுதுகு காட்டிப் பிரிந்தவை போலத் தோன்றினும் இரண்டும் இறுதியில் சிந்துவிலேயே சேருகின்றன. ஒன்று நிம்முவிலும், மற்றொன்று அதற்கு வெகு தொலைவு கீழேயும் சேருகின்றன என்பதே வேறுபாடு.

தோடாவின் பள்ளத்தாக்கு அகன்றது. மேய்ச்சல் நிலம் நிறைந்தது. வழியெல்லாம் இரு பக்கத்துச் சரிவுகளிலிருந்தும் பனியோடைகள் வந்து கூடுகின்றன. ஒவ்வோர் ஓடையும் பள்ளத்தாக்கில் இறங்குமிடத்தில் விசிறி விரித்தாற்போல் வண்டலைப் பரப்புகிறது. அந்த வண்டல் விசிறிகளின் மேலேதான் ஊர்கள் அமைந்துள்ளன. வாற்கோதுமையும் பட்டாணியும் அங்கு முதன்மைப் பயிர்கள். பாதுமுக்கு அண்மையில் உள்ள சானி என்னும் ஊரில் கனிகா எனப் பெயர் பெற்ற தொன்மையான தூபி ஒன்று உண்டு. குஷாண மன்னன் கனிஷ்கனின் பெயரோடு அதனை இணைத்துச் சொல்வது அவ்வூர் மரபு.

இரண்டாம் துணையாறு: லுங்நக்

தென்கிழக்கிலிருந்து வருவது லுங்நக். இதுவும் இரண்டு ஆறுகளின் சேர்க்கையே. அவற்றுள் கர்க்யாக் என்பது ஷிங்கு லா கணவாயின் அடியில் தோன்றி வடக்கே வருகிறது. சாரப் என்பது பாராலாச்சா கணவாய்க்கு வடக்கே உள்ள சர்ச்சு சமவெளியின் பக்கமிருந்து, ஆளரவமற்ற மலையிடுக்குகளைக் கடந்து வருகிறது. இரண்டும் பூர்னே என்னும் சிற்றூருக்கு அருகே கூடுகின்றன. அதன்பின் ஆறு குறுகிய, செங்குத்தான பள்ளத்தாக்கில் பாதும் நோக்கிப் பாய்கிறது. தோடாவின் பள்ளத்தாக்கு எத்துணை விரிந்ததோ அத்துணை நெருங்கியது லுங்நக்கின் பள்ளத்தாக்கு.

இங்கும் நீர்ப்பிரிமேடுகளின் விந்தை காணத்தக்கது. பாராலாச்சாவின் தென்சரிவில் சந்திரா, பாகா எனும் இரு ஆறுகள் பிறந்து, சுற்றி வளைந்து ஒன்றுகூடிச் செனாப் ஆகின்றன. ஷிங்கு லாவின் தென்பக்க நீரும் தார்ச்சாவில் பாகாவை அடைகிறது. செனாபும் பஞ்சாபின் சமவெளிகளைக் கடந்து, முடிவில் சிந்துவையே சேருகிறது. ஆக, சன்ஸ்காரைச் சூழ்ந்த கணவாய்களில் எந்தப் பக்கம் விழுந்தாலும், அந்தப் பனித்துளியின் வழி வேறாகலாம், சேருமிடம் வேறாவதில்லை.

சாரப் ஆற்றின் கரையில், செங்குத்தான பாறை முகத்தில் உள்ள ஒரு பெருங்குகையின் வாயிலைச் சுற்றித் தேன்கூடு போலத் தொங்குவது புக்தல் மடம். சன்ஸ்கார் மக்களில் பெரும்பான்மையோர் பௌத்தர். பாதுமில் இசுலாமியக் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன. புக்தலில் 1825-26ஆம் ஆண்டுகளில் ஓர் அயல்நாட்டு அறிஞர் தங்கிக் கற்றார். அவர் ஹங்கேரி நாட்டவராகிய சோமா தெ கோரஸ். அதற்குமுன் 1823இல் அவர் கால்நடையாகவே சன்ஸ்காரை அடைந்து, ஸங்லா என்னும் ஊரில் ஒரு லாமாவிடம் திபெத்திய மொழியையும் நூல்களையும் பாடங்கேட்டார். தீ மூட்ட வழியில்லாத சிற்றறையில், ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு, குளிரிலிருந்து கையை வெளியே எடுத்து ஏட்டைப் புரட்டுவதே அரிதாக இருந்த நிலையில் அவர் சொற்களைத் தொகுத்தார். அந்த உழைப்பின் பயனாகத் திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் 1834இல் கல்கத்தாவில் வெளியாயின. ஏட்டுச் சுவடிகளைப் பேணுவதைத் தம் குடிப்பெருமையாகக் கருதுவோர் நிறைந்த இவ்வவையில் அவர் பெயரை நினைவுகூர்வது பொருந்தும்.

கூடுதலும் மலை அறுத்தலும்

தோடாவும் லுங்நக்கும் பாதுமுக்கு அருகே ஓர் அகன்ற சமவெளியில் நேருக்குநேர் வந்து கூடுகின்றன. கூடிய ஆறு இரண்டின் திசையையும் விட்டுவிட்டு, வடகிழக்கே திரும்புகிறது. இதுவே சன்ஸ்கார். சிறிது தொலைவு வரை அது கார்ஷா, பீஷு, ஸங்லா முதலிய ஊர்களின் வழியே அமைதியாக ஓடுகிறது. அதன்பின் எதிரே நிற்பது சன்ஸ்கார் மலைத்தொடர். ஆறு அதனைச் சுற்றிச் செல்லவில்லை. குறுக்கே அறுத்துக்கொண்டு செல்கிறது. இரு பக்கமும் பல நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களின் இடையே, சில இடங்களில் சில மீட்டர் அகலமே உள்ள வழியில், அத்துணை நீரும் நெருக்கி ஓடுகிறது.

மலையிடுக்கில் வேறு பல துணையாறுகள் சன்ஸ்காரைச் சேருகின்றன. லிங்ஷெட் பக்கத்து ஓடைகள் மேற்கிலிருந்து வருகின்றன. கிழக்கே ரூப்ஷு மேட்டுநிலப் பக்கமிருந்து கூர்னா வருகிறது. பின்னர்ச் சிலிங் என்னும் ஊருக்கு அருகில் மார்க்கா ஆறு வந்து சேர்கிறது. மார்க்காவின் பள்ளத்தாக்கு 1981இல் அறிவிக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பனிச்சிறுத்தையின் வாழ்விடங்களுள் ஒன்று. சிலிங் ஊரார் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வடிப்பதில் பெயர் பெற்ற கம்மியர்கள்.

இறுதியாக, லே நகருக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிம்மு என்னும் ஊரின் அருகே சன்ஸ்கார் சிந்துவைச் சேர்கிறது. ஒன்றன் நீர் பசுநீலமாகவும் மற்றொன்றன் நீர் சேற்று நிறமாகவும் இருக்கும் நாள்களில், இரு நிறங்களும் சிறிது தொலைவு கலவாமலே இணைந்து ஓடுவதை மேட்டிலிருந்து காணலாம். பெயர் சிந்துவுக்கே நிலைக்கிறது. ஆனால் கோடையில் அக்கூடுதுறைக்குச் சன்ஸ்கார் கொணரும் நீர், திபெத்திலிருந்து வெகு தொலைவு வந்த சிந்துவின் நீரைவிட மிகுதி. கூடுதுறைக்குக் கீழே அல்ச்சி அருகில் 45 மெகாவாட் திறனுள்ள நிம்மு-பாஸ்கோ நீர்மின் நிலையம் இயங்குகிறது. லே நகரத்து விளக்குகளின் ஒளியில் டிராங்-டுருங்கின் பனிக்கும் ஒரு பங்கு உண்டு.

பனிப் போர்வையின் மேல் நடந்த மக்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சன்ஸ்காரின் மக்கள் ஏறத்தாழ 14,000 பேர். பனிக்காலத்தில் கணவாய்கள் மூடிக்கொண்டால் அவர்களுக்கு வெளியுலகம் இல்லை. ஆயினும் ஒரு வழி இருந்தது, அது ஆறே. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மலையிடுக்கில் ஓடும் சன்ஸ்கார் மேற்பரப்பில் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டித் தளத்தைச் சாதர் என்பர்; போர்வை என்பது அதன் பொருள். பனிக்குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 30 பாகை வரை இறங்கும் நாள்களில் மக்கள் அதன்மேல் நடந்து, இரவில் கரையோரக் குகைகளில் தங்கி, பல நாள்களில் லே நகரை அடைவர். தம் வீட்டு வெண்ணெயை விற்று உப்பும் தேயிலையும் துணியும் வாங்கித் திரும்புவர். தொலைவிலுள்ள பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளைத் தந்தையர் அவ்வழியே அழைத்துச் செல்வர். கால் வைக்குமுன் கோலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே பனியின் தடிமனை அறிவர். தடம் அறிந்த மூத்தவர் முன்னே நடப்பார். மற்றவர் அவர் அடிச்சுவட்டிலேயே தம் அடியை வைப்பர்.

இன்று நிலை மாறிவருகிறது. நிம்முவிலிருந்து பாதும் வழியாகத் தார்ச்சா வரை செல்லும் 298 கிலோமீட்டர் சாலை 2024 மார்ச்சில் இணைக்கப்பட்டது. ஷிங்கு லாவின் கீழே 4.1 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைக்கான முதல் வெடிப்பு அவ்வாண்டு ஜூலை 26இல் நிகழ்த்தப்பட்டது. சன்ஸ்காரைத் தனி மாவட்டமாக்கும் அறிவிப்பும் அடுத்த மாதமே வந்தது. நோயாளியைப் பனிமேல் சுமந்து சென்ற மக்களுக்குச் சாலை ஒரு வரம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் சாதரும் முன்போல் உறுதியாக இறுகுவதில்லை, உறைந்து நிற்கும் நாள்களும் குறைந்துவருகின்றன என்று அம்மக்கள் கூறுகின்றனர். மனிதர் ஆற்றின்மேல் நடந்த காலம் சாலையாலும் முடிகிறது, வெப்பத்தாலும் முடிகிறது.

ஆறு நின்ற நாள்கள்

துணையாறு ஒன்றின் நலன் பேராற்றின் நலனோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதை 2014ஆம் ஆண்டின் கடைசி நாள் காட்டியது. டிசம்பர் 31இல் புக்தலுக்கு மேலே, சாரப் ஆற்றின் மலையிடுக்கில் பெரும் நிலச்சரிவு நேர்ந்தது. சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றைக் குறுக்கே அடைத்தன. கீழ்ப்பகுதியில் நீர் திடீரெனக் குறைந்ததைக் கண்டபோதுதான், மேலே ஏதோ நேர்ந்துள்ளது என்பது ஊரார்க்குப் புலப்பட்டது. அடைப்புக்குப் பின்னே நீர் தேங்கிப் பல கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி உருவாயிற்று. குளிர்காலத்தின் நடுவில், சாலையற்ற அந்த இடத்துக்கு வல்லுநர்களும் படைவீரர்களும் ஹெலிகாப்டரில் சென்று, நீர் சிறிது சிறிதாக வெளியேற வழி செய்ய முயன்றனர்.

2015 மே 7இல், பனி உருகி நீர் பெருகிய வேளையில், அடைப்பு உடைந்தது. வெள்ளம் சாரப்பில் இறங்கி, லுங்நக்கில் பாய்ந்து, சன்ஸ்கார் வழியே சிந்து வரை ஓடியது. பல பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. வயல்களும் கட்டடங்களும் சேதமுற்றன. ஆயினும் ஓர் உயிரும் போகவில்லை. நான்கு மாதங்களாக ஆற்றின்மேல் கண் வைத்திருந்தமையும், கரையோர மக்கள் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டமையுமே அதற்குக் காரணங்கள். விழிப்போடு இருத்தல் உயிர்காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கீழே ஆறு, மேலே தாகம்

வெள்ளம் ஓசையோடு வருவதால் செய்தியாகிறது. ஓடை வற்றுவது ஓசையின்றி நிகழ்வதால் செய்தியாவதில்லை. சன்ஸ்காரின் பழமையான ஊர்களுள் ஒன்று கூமிக். அது ஆற்றுச் சமவெளிக்கு மேலே மலைச்சரிவில் அமைந்தது. அதற்குப் பனியாறு இல்லை. தலைமேல் உள்ள முடியில் குளிர்காலத்தில் படியும் பனியே அதன் ஓடைக்கு ஊற்று. அப்பனி ஆண்டுதோறும் குறைந்து, முன்கூட்டியே உருகித் தீரலாயிற்று. பயிர் கதிர் விடும் வேளையில் ஓடை வறண்டது. கண்ணுக்கெட்டும் தொலைவில், கீழே, லுங்நக் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தாழ்வில் ஓடும் ஆறு மேட்டு வயலுக்கு உதவாது. மலைநாட்டில் ஊரைக் காப்பது கீழே செல்லும் பேராறு அன்று. மேலிருந்து இறங்கும் ஓடையே.

கடும் வறட்சிக்குப் பின், 2000ஆம் ஆண்டை ஒட்டி, கூமிக் ஊரார் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். முன்னோர் வாழ்ந்த ஊரை விட்டு, கீழே மார்தாங் என்னும் வெறுஞ் சமவெளியில் புதிய ஊர் அமைப்பது என்பதே அம்முடிவு. லுங்நக்கிலிருந்து அந்தப் பாலைக்கு நீர் கொணரப் பல கிலோமீட்டர் நீளக் கால்வாய் வேண்டியிருந்தது. வீட்டுக்கு இத்தனை நாள் உழைப்பு எனக் கணக்கிட்டு, மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவர்கள் அதனை வெட்டினர். காற்று மணலைக் கொணர்ந்து மூடும், மீண்டும் தோண்டினர். சுவர் எழுப்ப மண் குழைக்கவும் நீர் இல்லாத இடத்தில் வீடு கட்டினர். ஊர் இடம்பெயர்வது என்பது மூட்டை கட்டிப் புறப்படுவது அன்று. வயலின் வரப்பு, ஓடையின் மடை, முன்னோர் நட்ட மரம், வழிபாட்டிடம், அண்டை வீட்டார் இருந்த திசை ஆகிய அனைத்தையும் விடுவதாகும். ஓர் ஊர்க் கோயிலின் திருவிழாவுக்காக எத்துணைத் தொலைவிலிருந்தும் ஆண்டுதோறும் தம் ஊருக்கு வந்து கூடும் குடும்பங்கள், அந்த இழப்பின் அளவை எளிதில் உணர்வர்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பனியாறுகள் விரைந்து உருகும் தொடக்கக் காலத்தில் பேராற்றில் நீர் குறைவதில்லை. சில ஆண்டுகளில் கூடவும் செய்யும். நிம்முவின் கூடுதுறையில் நின்று பார்ப்பவர்க்கு எல்லாம் நிறைவாகவே தோன்றும். ஆனால் மேலே முதலில் சாவது, பனியாற்றின் துணையின்றிப் பனித்திட்டை மட்டும் நம்பிய சிற்றோடை. பின்னர் சிறு பனியாறுகளின் ஓடைகள் சுருங்கும். பெரும் பனியாறுகளின் ஆறுகள் கடைசியில்தான் மெலியும். டிராங்-டுருங்கே பின்வாங்கி, அதன் நுனியில் இன்று ஓர் ஏரி தேங்கியுள்ளது. பேராறு மெலிந்த பின் விழித்துக்கொள்வோர்க்கு, அதற்குள் மாண்டுபோன சிற்றோடைகளின் கணக்குத் தெரியாது. செல்வம் கரைவதைப் பெட்டகத்தைப் பார்த்து மட்டும் அறிய முற்படும் குடும்பத்தலைவரின் நிலை போன்றது அது. வரவு நின்றதை அவர் காண்பதில்லை.

பனி உருகுவதற்கு உலக வெப்பம் முதற்காரணம். அதனோடு கரித்தூளும் சேர்கிறது. டீசல் வண்டிகளின் புகையும், அடுப்புகளின் புகையும், எரிக்கப்படும் பயிர்த்தாள்களின் புகையும் காற்றில் ஏறி வெகு தொலைவு சென்று பனியின்மேல் படிகின்றன. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கரி படிந்த பனி வெயிலை உண்ணும். அதனால் விரைந்து உருகும். கூமிக் மக்கள் தங்கள் பனியை அழிக்கவில்லை. அவர்கள் ஒருபோதும் காணாத இடங்களில் எழுந்த புகைக்கும் அதில் பங்கு உண்டு.

காக்கும் கைகள்

லடாக் மக்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை நிழல் விழும் சரிவுகளில் மெல்லத் தேக்கி உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகி வருமாறு செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். அப்பணி 1987 முதல் தொடங்கியது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் வழியைத் தொடர்ந்து சோனம் வாங்சுக் என்பார், மேலிருந்து குழாயில் இறங்கும் நீரைக் குளிர்ந்த இரவுக் காற்றில் பீய்ச்சி, கூம்பு வடிவில் உறையவைக்கும் பனித்தூபிகளை அமைத்தார். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆதலால் அது வேனில் வரை நின்று, வயலுக்கு நீர் வேண்டும் வேளையில் உருகுகிறது.

நீரைப் பங்கிடுவதிலும் அம்மக்கள் முறை வைத்துள்ளனர். லடாக்கின் பல ஊர்களில் சுர்போன் என்னும் நீர்க்காவலரை ஊரார் அமர்த்துவர். எந்த வயலுக்கு எந்நேரம் மடை திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் பொறுப்பு. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஏரிப் பாசன ஊர்களில் வளர்ந்த முதியோர், நீர்க்கட்டியின் வேலையை அறிவர். அவர்களுக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. நீர் குறைந்த இடத்தில் நியாயம் நிறைந்திருந்தால்தான் ஊர் ஒற்றுமையாக வாழும் என்பதை இரு நாட்டாரும் தனித்தனியே கற்றுள்ளனர்.

அவையோரே! நீரை வடித்து அருந்துவதும், வடித்தபின் துணியில் எஞ்சிய நுண்ணுயிர்களை அந்நீர்நிலையிலேயே மீளச் சேர்ப்பதும் இச்சமூகத்தின் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் ஒழுக்கம். ஒரு குடம் நீரிலும் அளவும் அருளும் வேண்டும் என்று அது கற்பிக்கிறது. சன்ஸ்காரின் நில இயல் கற்பிப்பதும் அதனின் வேறன்று. சிந்து என்னும் பெரும்பெயர் நிம்முவில் சன்ஸ்காரால் நிறைகிறது. சன்ஸ்கார் தோடாவாலும் லுங்நக்காலும் நிறைகிறது. லுங்நக் சாரப்பாலும் கர்க்யாக்காலும் நிறைகிறது. அவை பெயரறியாப் பனியோடைகளால் நிறைகின்றன. 14,000 என்று ஆசாரியர் எண்ணிச் சொன்ன துணையாறுகளில் ஒன்று குறைந்தாலும் நதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அந்த ஒன்றின் கரையில் ஒரு கூமிக் இருந்திருக்கும்.

இம்மலரைக் கையில் ஏந்தி இல்லம் திரும்பும் பெற்றோர், பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு நிலப்படத்தை விரித்து, நிம்முவில் விரலை வைத்து, மேல்நோக்கி நகர்த்திப் பென்சி லா வரை செல்லட்டும். பின் திரும்பி வந்து ஷிங்கு லா வரை செல்லட்டும். அதன்பின் தம் ஊர் ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்கால்களையும் அவ்வாறே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணட்டும். எத்தனை கால்களுக்குப் பெயர் நினைவிருக்கிறது, எத்தனை கால்களில் இன்னும் நீர் வருகிறது என்பதை முதியோரைக் கேட்டு எழுதி வைக்கட்டும். அந்தக் கணக்கே வருங்காலத்தார்க்கு விட்டுச்செல்லத் தக்க செல்வம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!